முதலில் அடுப்பு, பிறகுதான் மின்சாரம்: துருவ ஆய்வு நிலையங்களின் ஜெனரேட்டர் அறைக்குள்

2014 ஜூலை 30. அண்டார்க்டிகாவின் பிரன்ட் பனித்தட்டின் மேல் நிற்கும் பிரிட்டனின் ஹாலி நிலையத்தில் மின்சாரம் நின்றுபோனது. வெளியே மைனஸ் 55.4 டிகிரி செல்சியஸ். உள்ளே 13 பேர். நடுக் குளிர்காலம், கப்பலோ விமானமோ வர வழியில்லை. என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் கசிந்ததால் ஜெனரேட்டர்கள் அளவுக்கு மீறிச் சூடாகி நின்றிருந்தன. மின்சாரம் திரும்ப 19 மணி நேரம் ஆனது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் வானிலைப் பதிவு தவிர பெரும்பாலான ஆய்வுகளை நிறுத்திவிட்டு, கிடைத்த கொஞ்ச மின்சாரத்தில் கட்டடத்தை உறையாமல் காப்பதே எல்லோருக்கும் வேலையாகிப் போனது.

உலகத்திலேயே மிகக் குளிர்ந்த இடங்களில் ஒன்றில் என்ஜின் நின்றது சூடு தாங்காமல். முதலில் கேட்கும்போது முரணாகத் தோன்றும். துருவ நிலையத்தின் மின்னமைப்பைப் புரிந்துகொள்ள இந்த இடத்திலிருந்து தொடங்குவதே சரி. அங்கே ஜெனரேட்டரின் முதல் வேலை விளக்கெரிப்பது அல்ல. கட்டடத்தைச் சூடாக வைத்திருப்பதும், பனியை உருக்கித் தண்ணீராக்குவதும், அந்தத் தண்ணீர் குழாயில் உறையாமல் பார்த்துக்கொள்வதும்தான் முதல் வேலை. கம்பியில் போகும் மின்சாரம் அதன் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே.

ஒரு லிட்டரின் கணக்கு

சராசரியாக 200 கிலோவாட் மின்சாரம் செலவழிக்கும் ஒரு நடுத்தர நிலையத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல டீசல் ஜெனரேட்டர் ஒரு லிட்டர் எரிபொருளிலிருந்து ஏறத்தாழ 3.7 யூனிட் மின்சாரம் தரும். அப்படியானால் மணிக்கு 54 லிட்டர், நாளைக்கு 1,300 லிட்டர், ஆண்டுக்கு நாலே முக்கால் லட்சம் லிட்டர்.

துருவ நிலையங்களில் எரியும் மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் லிட்டருக்குச் சுமார் 9.6 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின்சாரமாக மாறுவது அதில் 38 சதவீதம் அளவுக்குத்தான். மீதியில் ஏறக்குறைய பாதி என்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்டிலும் ஆயிலிலும் சேர்கிறது, இன்னொரு பாதி புகையோடு வெளியே போகிறது. சாதாரண இடங்களில் இந்த வெப்பத்தை ரேடியேட்டர் வழியாகக் காற்றில் கொட்டிவிடுவார்கள். துருவத்தில் அது வீண் செலவு மட்டுமல்ல, அறியாமையும்கூட. கூலன்டின் சூட்டை வெப்பப் பரிமாற்றி வழியாகக் கட்டடத்துக்குள் கிளைக்கால் (எளிதில் உறையாத திரவம்) ஓடும் குழாய்ச் சுற்றுக்கு மாற்றி, சைலன்சருக்கு முன்னால் புகையிலிருந்தும் பாதியைப் பிடித்தால் 200 கிலோவாட் மின்சாரத்தோடு இன்னொரு 200 கிலோவாட் வெப்பமும் கையில் கிடைக்கும். அமுண்ட்சென்-ஸ்காட் தென்துருவ நிலையம், டோம் சி பனிமேட்டில் 3,233 மீட்டர் உயரத்தில் இருக்கும் கான்கார்டியா, 2012இல் திறந்த இந்தியாவின் பாரதி என எல்லாமே இந்த முறையில்தான் இயங்குகின்றன.

புகையிலிருந்து வெப்பத்தை முழுவதும் உறிஞ்சிவிட முடியாது. புகையைச் சுமார் 150 டிகிரிக்குக் கீழே இறக்கினால் அதிலுள்ள நீராவியும் அமிலமும் பரிமாற்றியின் குழாய்களில் படியும், அதன்மேல் கரி ஒட்டும், என்ஜினுக்குப் பின்னழுத்தம் ஏறும். அதனால் கொஞ்சம் சூட்டைப் புகையோடு விட்டுத்தான் ஆக வேண்டும்.

தண்ணீருக்கு எவ்வளவு போகிறது? மைனஸ் 50 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியைச் சுழியம் டிகிரிக்குக் கொண்டுவர 100 கிலோஜூல், உருக்க 334, அதைப் பத்து டிகிரித் தண்ணீராக்க 42. மொத்தம் 476 கிலோஜூல், அதாவது 0.13 யூனிட். இருபது பேர், ஆளுக்கு 60 லிட்டர் என்றால் நாளைக்கு 156 யூனிட். இதை மின் அடுப்பில் உருக்கினால் அதற்கே 42 லிட்டர் எரிபொருள் வேண்டும். கூலன்டின் வெப்பத்தில் உருக்கினால் கூடுதல் செலவே இல்லை. தென்துருவத்தில் சூடான நீரைப் பனியின் ஆழத்துக்குள் செலுத்தி, கீழேயே ஒரு நீர்க்குகையை உருக்கி வைத்து அதிலிருந்து இறைக்கிறார்கள். ராட்ரிகெஸ் கிணறு என்று பெயர். ஜெனரேட்டரின் கழிவு வெப்பம் நின்றால் அந்தக் கிணறும் மெல்ல உறையத் தொடங்கும்.

கூலன்ட் கசிவு எப்படி இத்தனை பெரிய விபத்தாகிறது என்பது இப்போது தெளிவாகும். அந்தக் கூலன்ட் என்ஜினோடு முடிந்துபோவதில்லை. கட்டடம் முழுக்க ஓடும் நூற்றுக்கணக்கான மீட்டர் குழாய்களோடு, பரிமாற்றிகள், பம்புகள், வால்வுகள் வழியாக, என்ஜினின் நலன் பிணைக்கப்பட்டிருக்கிறது. அதனால்தான் என்ஜினின் சுற்றையும் கட்டடத்தின் சுற்றையும் தட்டுப் பரிமாற்றி வைத்துப் பிரித்து, ஒவ்வொரு என்ஜினுக்கும் தனி விரிவுத் தொட்டியும் தனி நிலைமட்ட அலாரமும் வைக்க வேண்டும். எல்லா என்ஜின்களும் ஒரே கூலன்ட் தொட்டியைப் பகிர்ந்துகொண்டால், மூன்று என்ஜின் இருந்தும் ஒன்று இருப்பதற்குச் சமம்.

எரிபொருள்: எது உறையும், எப்போது

சாதாரண டீசலில் மெழுகு கரைந்திருக்கிறது. வெப்பநிலை சுழியத்தை ஒட்டியோ சில டிகிரி கீழேயோ போகும்போதே மெழுகு படிகமாகத் தொடங்கும், ஃபில்டர் அடைபடும். அதனால் துருவங்களில் விமான எரிபொருள் வகைகளே வழக்கம். ஜெட் ஏ-1 உறைவது மைனஸ் 47 டிகிரியில். அமெரிக்க நிலையங்களில் பயன்படும் ஏஎன்8 மைனஸ் 58 வரை தாங்கும். ஆஸ்திரேலியர்கள் தங்கள் நிலையங்களுக்கென்றே கலந்த அண்டார்க்டிக் டீசலை வைத்திருக்கிறார்கள்.

தென்துருவத்தில் காற்று மைனஸ் 82.8 டிகிரி வரை இறங்கியிருக்கிறது, 1982 ஜூன் 23 அன்று. மைனஸ் 58இல் உறையும் எரிபொருள் அங்கே எப்படிப் பிழைக்கிறது? தொட்டிகளைத் திறந்த வெளியில் வைக்காமல் பனிக்கு அடியில் ஒரு வளைவுக் கூடத்துக்குள் வைத்திருக்கிறார்கள். பனியின் உட்பகுதி ஆண்டுச் சராசரி வெப்பநிலையிலேயே நிற்கும், அங்கே அது ஏறத்தாழ மைனஸ் 50. எட்டு டிகிரி இடைவெளி. அந்த எட்டு டிகிரியில்தான் குளிர்காலம் முழுக்க நிலையம் நிற்கிறது. கூடத்துக்குள் தலா 10,000 கேலன் கொள்ளும் 45 தொட்டிகள் இருக்கின்றன.

உறைநிலை மட்டும் பார்த்தால் போதாது. எரிபொருளில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் கரைந்திருக்கும். குளிரும்போது அது வெளியேறி ஊசிமுனைப் பனித்துகளாகி, மெழுகு இல்லாமலேயே ஃபில்டரை அடைக்கும். என்ஜின் சக்தி குறைந்து மூச்சுத் திணறினால், எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரைச் சந்தேகிப்பதற்கு முன் முதல் ஃபில்டரைக் கழற்றிச் சூடான அறையில் ஒரு தட்டில் வைத்துப் பார்ப்பது நல்லது. கால் மணி நேரத்தில் தட்டில் தண்ணீர் முத்துக்கள் நின்றால் காரணம் தெரிந்துவிடும். மண்ணெண்ணெய் வகைக்கு வழுவழுப்பும் குறைவு, டீசலுக்கென வடிவமைத்த இன்ஜெக்ஷன் பம்பு அதனால் சீக்கிரம் தேயும். வழுவழுப்புக்கான சேர்மானத்தைக் கலக்கத் தவறினால் அது உடனே தெரியாது, பல மாதம் கழித்து பம்பு தேய்ந்த பிறகுதான் தெரியும்.

இன்னொன்று, புதிதாக வருபவர்கள் அடிக்கடி மறப்பது. எரிபொருள் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக விரியும். மைனஸ் 40இல் இருக்கும் எரிபொருளை 10,000 லிட்டர் தொட்டியில் விளிம்புவரை நிரப்பி, அந்தத் தொட்டி 20 டிகிரி அறைக்குள் இருந்தால், சூடேறும்போது 500 லிட்டருக்கு மேல் வழிந்து தரையில் ஓடும். ஜெனரேட்டர் அறையில் 500 லிட்டர் எரிபொருள் என்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. எனவே உள்தொட்டியை 90 சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது, வழிவுக் குழாய் வெளித்தொட்டிக்கே திரும்ப வேண்டும், தொட்டியின் கீழே தண்ணீர் வடிக்கும் குழாய் கட்டாயம் இருக்க வேண்டும்.

கொண்டுவருவதும் ஒரு போராட்டம். கடலோர நிலையங்களுக்கு ஆண்டுக்கு ஒரு கப்பல், சில இடங்களில் உறைந்த கடலின்மேல் நீளமாக விரித்த ஹோஸ் வழியாக எரிபொருளை ஏற்றுவார்கள். கண்டத்தின் உட்பகுதி நிலையங்களுக்குப் பனிச்சறுக்குக் கால் பொருத்திய எல்சி-130 விமானங்களோ, டிராக்டர் தொடர்களோ போக வேண்டும். கடலோரத்தில் இருக்கும் அமெரிக்காவின் மெக்மர்டோ நிலையத்திலிருந்து தென்துருவம் வரை சுமார் 1,600 கிலோமீட்டர். கான்கார்டியாவுக்குக் கடற்கரையிலிருந்து 1,100 கிலோமீட்டர். டிராக்டர்கள் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் கிடத்திய ரப்பர் பைகளில் எரிபொருளை இழுத்துச் செல்கின்றன. சக்கரமோ எஃகுச் சறுக்கோ பனியில் புதையும் இடத்தில் அந்த விரிப்பு வழுக்கிக்கொண்டு போகும். வழியில் அந்த டிராக்டர்களும் எரிபொருள் குடிக்கின்றன. நிலையத்தில் எரியும் ஒவ்வொரு லிட்டருக்கும் பின்னால் வழியில் எரிந்த பங்கு ஒன்று உண்டு. சேமிப்பு பற்றிப் பேசும்போது அதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

1991இல் கையெழுத்தாகி 1998இல் நடைமுறைக்கு வந்த, அண்டார்க்டிகாவின் சுற்றுச்சூழலைக் காக்கும் மாட்ரிட் உடன்படிக்கைக்குப் பிறகு, அண்டார்க்டிகாவில் எரிபொருள் சிந்துவது கடுமையான விவகாரம். பனியில் சிந்திய எண்ணெய் சிதைந்துபோகப் பல பத்தாண்டுகள் ஆகும். அதனால் இரட்டைச் சுவர்த் தொட்டிகள், இணைப்புகளின் கீழே தட்டுகள், எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகள் எல்லாம் வேண்டும். பழைய என்ஜின் ஆயில் ஒவ்வொரு பீப்பாயும் கப்பலேறித் திரும்பியாக வேண்டும். 500 மணி நேரத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றினால், ஓயாமல் ஓடும் ஒரு என்ஜினுக்கு ஆண்டுக்கு 17 முறை மாற்ற வேண்டியிருக்கும்.

பழுது தொடங்கும் இடங்கள்

குளிரில் என்ஜின் பழுதடைவது பெரும்பாலும் பிஸ்டனிலோ, அது சுழற்றும் தண்டான கிராங்கிலோ அல்ல. ஈரம் போகும் சின்னக் குழாய்களில்தான். இதில் ஒன்றை மட்டும் அருகில் போய்ப் பார்ப்போம்.

ஒரு லிட்டர் எரிபொருள் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது. பெரும்பங்கு புகையோடு போகும். சிறு பங்கு பிஸ்டன் வளையங்களைத் தாண்டி கிராங்க் அறைக்குள் கசியும். அங்கே அழுத்தம் சேராமல் இருக்க ஒரு சுவாசக் குழாய் வைத்திருப்பார்கள். அந்தக் குழாயின் வாய் மைனஸ் 40 டிகிரிக் காற்றில் நீட்டிக்கொண்டிருந்தால், வெளியேறும் ஆவி குழாயின் உட்சுவரில் வெண்பனியாகப் படியும். முதல் நாள் ஒரு மெல்லிய வளையம். மூன்றாம் நாள் விரல் நுழையும் ஓட்டை. பிறகு அடைப்பு. கிராங்க் அறையில் அழுத்தம் ஏறி, பலவீனமான இடத்தைத் தேடும். அது பெரும்பாலும் பின்பக்க கிராங்க் சீல். சீல் பிதுங்கும், ஆயில் பீறிடும், ஆயில் அழுத்தம் விழும், என்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள நிற்கும். சீல் மாற்ற ஜெனரேட்டரையே என்ஜினிலிருந்து பிரித்தெடுக்க வேண்டும், ஒரு விரல் தடிமன் பனிக்காக.

இதற்குத் தீர்வு எளியது. குழாயைக் குட்டையாக, அகலமாக, வெளிநோக்கிச் சரிவாக அமைத்து, காப்புறை போட்டு, வெளிவாய்க்கு முன் ஒரு ஹீட்டர் கம்பி சுற்ற வேண்டும். அதோடு குழாய் இன்னும் சூடான அறைக்குள் இருக்கும் பகுதியில் ஒரு சிறு கீறல் வெட்டி வைக்க வேண்டும். வெளிவாய் அடைபட்டாலும் ஆவி அந்தக் கீறல் வழியே அறைக்குள் வரும். ஆயில் வாடை அடிப்பதே எச்சரிக்கை மணி.

காற்று உள்ளே வரும் வழியிலும் இதே கதை. புயலில் பறக்கும் துருவப் பனித்துகள் மாவு போல நுண்ணியது, சாவித் துவாரத்தில்கூட நுழையும். ஃபில்டருக்கு முன்னால் ஒரு பெரிய வெற்று அறை விட்டு, காற்றின் வேகத்தைக் குறைத்தால் துகள்கள் தரையில் விழும். ஆள் போய் அள்ளி எடுக்க அதற்கு ஒரு கதவும் வேண்டும். அந்த அறையில் சூடான காற்றைக் கலந்தால் பனி உருகி ஃபில்டரில் ஈரமாக ஒட்டி, மறுபடி உறைந்து, முழுதாக அடைக்கும். அதனால் பனியை வடிக்கும்வரை குளிராகவே வைத்திருந்து, வடித்த பிறகே சூடேற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றிக் கட்டினால் எல்லாப் புயலிலும் தொந்தரவு.

அறையைக் குளிர்விக்கத் திறக்கும் காற்றுத் திறப்புகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் போனால் அவை தாமாக மூடும் வகையில் ஸ்பிரிங் வைத்திருக்க வேண்டும். திறந்தபடி நின்றால் மைனஸ் 50 டிகிரிக் காற்று நேராக அறைக்குள் வந்து, தண்ணீர்க் குழாய்களைச் சில நிமிடங்களில் உறையவைக்கும்.

உயரத்தைப் பற்றி ஒரு பொதுவான தவறான எண்ணம் உண்டு. தென்துருவம் 2,835 மீட்டர் உயரம், காற்றழுத்தம் 680 மில்லிபார் அளவில்தான். அதனால் என்ஜின் மூச்சு வாங்கும் என்பார்கள். ஆனால் மைனஸ் 60 டிகிரிக் காற்று சுருங்கி அடர்ந்திருக்கும். கணக்குப் போட்டால் ஒரு கன மீட்டருக்கு 1.11 கிலோ வருகிறது, கடல்மட்டத்தில் வெயில் நாள் ஒன்றின் காற்றுக்குக் கிட்டத்தட்ட சமம். உறிஞ்சும் காற்றை அறையின் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மட்டுமே உயரத்தின் முழு இழப்பும் தெரியும்.

குறைந்த லோடில் நீண்ட நேரம் ஓட்டுவது இன்னொரு நிச்சயமான தொல்லை. முப்பது சதவீதத்துக்குக் கீழே ஓடும் டீசல் என்ஜினில் எரிபொருள் முழுதாக எரியாது. சிலிண்டர் சுவர் பளபளவென்று வழுக்கும், இன்ஜெக்டர் முனையில் கரி சேரும், புகைக்குழாயில் கறுப்புத் திரவம் வடியும். குளிர்காலத்தில் ஆட்கள் குறைந்து லோடும் குறையும்போது இது தவறாமல் வரும். அதனால் பெரிய என்ஜின் ஒன்றை மட்டும் நம்பாமல் சிறிய என்ஜினும் வைக்கிறார்கள், அல்லது உபரி மின்சாரத்தைக் கொதிகலனில் கொட்டி லோடை ஏற்றுகிறார்கள்.

கேபிள்களில் சாதாரண பிவிசி உறை குளிரில் வளைத்தால் முட்டையோடு போல உடையும். வெளிவேலைக்கு சிலிக்கோன் ரப்பர் உறைதான் சரி. சாதாரண கார்பன் எஃகும் கடுங்குளிரில் நொறுங்கும் தன்மை பெறும். போல்ட், பிராக்கெட், சங்கிலி எல்லாவற்றிலும் தாழ்வெப்பத்துக்குச் சோதித்த எஃகைக் கேட்டு வாங்க வேண்டும்.

எர்த்திங் பற்றி மின்பொறியாளர்களே முதலில் திகைப்பார்கள். மூன்று கிலோமீட்டர் தடிமன் பனியின் மேல் எர்த் கம்பியை எங்கே புதைப்பது? குளிர்ந்த தூய பனி மின்சாரத்தைக் கடத்தாது. எனவே கட்டடத்தின் எஃகுச் சட்டகத்தையே பொதுப் புள்ளியாக எடுத்து, ஜெனரேட்டரின் நியூட்ரலையும் குழாய், தொட்டி, மேசை என எல்லா உலோகத்தையும் அதோடு பிணைக்கிறார்கள். எல்லாமே ஒரே மின்னழுத்தத்தில் நின்றால் தொடுபவருக்கு அடிக்காது. வறண்ட காற்றில் நிலைமின்னூட்டமும் எளிதில் சேரும். எரிபொருள் நிரப்பும்போது ஹோஸையும் தொட்டியையும் முதலில் கம்பியால் இணைக்காமல் மூடியைத் திறக்கவே கூடாது.

நெருப்பும் புகையும்

துருவத்தில் குளிரை விட மின்நிலையத் தீ பெரிய எதிரி. 1982 ஏப்ரலில் சோவியத்தின் வோஸ்டாக் நிலையத்தில் டீசல் மின்நிலையம் எரிந்தது. ஒருவர் இறந்தார். மீதமிருந்த 20 பேர் பழைய ஜெனரேட்டர் ஒன்றைச் சீர்செய்தும், டீசல் ஊற்றி எரிக்கும் அடுப்புகளைத் தாங்களே செய்தும் எட்டு மாதக் குளிரைக் கடந்தார்கள். உலகத்திலேயே மிகக் குறைந்த காற்று வெப்பநிலையான மைனஸ் 89.2 டிகிரி அடுத்த ஆண்டு பதிவானது அதே இடத்தில்தான். 2012 பிப்ரவரியில் பிரேசிலின் கமாண்டான்டே ஃபெராஸ் நிலையத்தில் ஜெனரேட்டர் அறையில் தொடங்கிய தீயில் இரண்டு கடற்படையினர் உயிரிழந்தனர், நிலையத்தின் பெரும்பகுதி அழிந்தது. புதிய நிலையம் திறக்க 2020 ஆனது.

இந்தச் சம்பவங்கள் உணர்த்துவது, மாற்று ஜெனரேட்டர் அதே அறையில் இருந்தால் அதை மாற்று என்று கணக்கில் சேர்க்கக் கூடாது என்பது. தென்துருவத்தில் 750 கிலோவாட் ஜெனரேட்டர்கள் மூன்று இருக்கின்றன, வழக்கமாக ஒன்று ஓடினால் போதும். அதுபோக அவசரத்துக்கான தனி மின்நிலையம் வேறு பகுதியில், தனி எரிபொருளோடு, தனி வெப்பத்தோடு இருக்கிறது. பிரித்து வைத்தால் கேபிளும் குழாயும் நீளும், செலவு ஏறும், பராமரிப்பு இரட்டிப்பாகும். கொடுத்தே ஆக வேண்டிய விலை அது.

புகைக்குழாய் பற்றி ஒரு பழைய எச்சரிக்கை. 1934இல் அமெரிக்க அட்மிரல் பேர்ட் தனியாகக் குளிர்காலத்தைக் கழித்த சிறு குடிலில், அடுப்பின் புகையும் வானொலிக்கான பெட்ரோல் ஜெனரேட்டரின் புகையும் வெளியேறும் வழி பனியால் அடைபட்டு, கார்பன் மோனாக்சைடு விஷத்தால் அவர் சாவின் விளிம்புவரை போனார். இன்றும் கள முகாம்களில் சிறு ஜெனரேட்டர் வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது புகைவாயைத்தான். எரிந்த எரிபொருளின் ஈரம் அதன் உதட்டிலும் பனியாகப் படியும்.

அணுவும் காற்றும் வெயிலும்

எரிபொருளே கொண்டுபோகாமல் இருந்தால்? அமெரிக்க ராணுவம் கிரீன்லாந்தின் பனிக்கு அடியில் கேம்ப் சென்ச்சுரியில் பிஎம்-2ஏ என்ற சிறு அணு உலையை 1960இலும், கடற்படை மெக்மர்டோவில் பிஎம்-3ஏ உலையை 1962இலும் இயக்கின. முன்னது சில ஆண்டுகளிலேயே அகற்றப்பட்டது. பின்னது 1.8 மெகாவாட் திறனுடையது, பழுதுகளோடு பத்தாண்டு ஓடி 1972இல் நின்றது. அதைக் கலைத்து எடுப்பதற்குள் 1970களின் எஞ்சிய பகுதி முழுக்கப் போய்விட்டது, கதிரியக்கம் பட்ட மண்ணையும் பாறையையும் ஆயிரக்கணக்கான டன் அளவில் கப்பலேற்ற வேண்டியிருந்தது.

காற்றாலை இதைவிடப் பழையது. 1893 முதல் 1896 வரை ஆர்க்டிக் பனியில் மிதந்த நான்சனின் ஃப்ராம் கப்பலில் காற்றாலை ஓட்டிய டைனமோ விளக்கெரித்தது. இன்றைய அளவில் முக்கியமானது ஆஸ்திரேலியாவின் மாசன் நிலையம். பனிமேட்டிலிருந்து கடலை நோக்கிச் சரிந்து வரும் குளிர்காற்று அங்கே ஓய்வதே இல்லை. 2003இல் இரண்டு 300 கிலோவாட் காற்றாலைகள் நிறுவினார்கள். கியர்பெட்டி இல்லாத வடிவம், எனவே குளிரில் இறுகும் கியர் ஆயில் என்ற பிரச்சினையே இல்லை. 2017 நவம்பரில் ஒன்றின் தலைப்பகுதி இறக்கைகளோடு கீழே விழுந்தது. ராஸ் தீவின் கிரேட்டர் குன்றில் மூன்று 330 கிலோவாட் காற்றாலைகள் 2010இல் நியூசிலாந்தின் ஸ்காட் தளத்துக்கும் அருகிலுள்ள மெக்மர்டோவுக்கும் மின்சாரம் தரத் தொடங்கின. அங்கே ஒரு வேடிக்கையான சிக்கல்: ஒரு தளம் 50 ஹெர்ட்ஸ், அடுத்தது 60 ஹெர்ட்ஸ். நடுவில் அதிர்வெண் மாற்றியும், காற்றின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யச் சுழல்சக்கரமும் வைக்க வேண்டியிருந்தது.

குளிர்காற்று அடர்த்தியானது, மைனஸ் 30 டிகிரியில் கடலோரக் காற்று கன மீட்டருக்கு 1.42 கிலோ. வழக்கமான கணக்குக்கு எடுக்கும் 1.225ஐ விட 16 சதவீதம் கூடுதல். அதே வேகத்தில் அதே அளவுக்குக் கூடுதல் மின்சாரம், இறக்கையிலும் அதே அளவுக்குக் கூடுதல் சுமை. வடிவமைப்பவர் இரண்டாவதை மறந்தால் இறக்கை நினைவூட்டும். தென்துருவத்திலோ காற்று மிதமானது, மாசனை நம்பி அங்கே திட்டம் போட முடியாது.

இங்கேதான் அடுப்பின் கணக்கு மறுபடி வருகிறது. காற்றாலை 100 கிலோவாட் தந்தால் டீசல் 100 கிலோவாட் குறையும், அதோடு இலவசமாக வந்த 100 கிலோவாட் வெப்பமும் குறையும். என்ஜின் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கிக் கரியும் சேரும். கட்டடத்துக்கு வெப்பம் பற்றாமல் கொதிகலனில் எண்ணெய் எரித்தால் சேமிப்பில் பாதி அங்கேயே போய்விடும். அதனால் காற்றின் உபரியை மின்கொதிகலனுக்கு அனுப்பி வெந்நீராகச் சேமிப்பதே அறிவுடைமை. பத்து கன மீட்டர் தண்ணீரை 40 டிகிரி சூடேற்றினால் அதில் 465 யூனிட் வெப்பம் நிற்கும். அதே அளவு பேட்டரியை இவ்வளவு தூரம் சுமந்து, சூடான அறையில் வைத்துக் காப்பதோடு ஒப்பிட்டால் தண்ணீர்த் தொட்டி எவ்வளவோ மேல். காற்றாலை கேட்கும் நிலையங்களில் முதலில் வெந்நீர்த் தொட்டியின் அளவைக் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சூரியத் தகடுகள் கோடையில் நன்றாகவே வேலை செய்யும். துருவத்தில் சூரியன் 23.5 டிகிரிக்கு மேல் ஏறாது, அதனால் தகடுகளைச் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். பனி படியாது, தரைப் பனி திருப்பும் ஒளியும் கிடைக்கும். ஆனால் குளிரில் தகட்டின் மின்னழுத்தம் ஏறும். 25 டிகிரியில் 40 வோல்ட் தரும் தகடு மைனஸ் 45இல் 48 வோல்ட்டைத் தாண்டும். இருபது தகடுகளைத் தொடராக இணைத்து 800 வோல்ட் என்று நினைத்தவருக்கு, சூரியன் முதலில் எட்டிப்பார்க்கும் குளிர் காலையில் 968 வோல்ட் வரும். இன்வெர்ட்டர் 900 வோல்ட் வரையே தாங்கும் என்றால் அந்தக் காலையே அதன் கடைசி. ஆஸ்திரேலியாவின் கேசி நிலையத்தில் 2019இல் ஒரு கட்டடச் சுவரில் 105 தகடுகள் பொருத்தினார்கள், 30 கிலோவாட். பெல்ஜியத்தின் பிரின்சஸ் எலிசபெத் நிலையம் 2009இல் திறந்ததிலிருந்து ஒன்பது காற்றாலைகளாலும் சூரியத் தகடுகளாலும் இயங்குகிறது. எந்தக் கருவிக்கு எப்போது மின்சாரம் என்பதை அங்கே கட்டுப்பாட்டு அமைப்பே முன்னுரிமைப்படி பங்கிடுகிறது. ஆனால் ஆட்கள் அங்கே தங்குவது கோடையில் மட்டும் என்பதை மறக்கக் கூடாது.

பேட்டரிக்கும் குளிரில் தனி நடத்தை. லெட்-ஆசிட் பேட்டரி முழுச் சார்ஜில் மைனஸ் 60 டிகிரி வரை உறையாது, காலியானால் மைனஸ் 10ஐ ஒட்டியே உறைந்து பெட்டி விரிசல் விடும். லித்தியம் அயான் செல்லைச் சுழியத்துக்குக் கீழே சார்ஜ் செய்தால் லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். முதலில் சூடாக்கி, பிறகுதான் சார்ஜ்.

நின்ற என்ஜினை மறுபடி எழுப்புவது

குளிரில் ஊறிப்போன என்ஜினை அவசரப்பட்டுச் சுழற்றுவது பெரிய தவறு. ஆயில் தார் போல இறுகியிருக்கும், தாங்கிகளுக்குப் போய்ச் சேராது. 60க்கு 40 என்ற அளவில் கிளைக்கால் கலந்த கூலன்ட் மைனஸ் 50 டிகிரியை ஒட்டி உறையாமல் இருந்தாலும் தேன் போலத் தடித்திருக்கும், பம்பு தள்ளாது. முதலில் எரிபொருளில் எரியும் சிறு ஹீட்டரால் கூலன்டை 40 டிகிரி வரை ஏற்ற வேண்டும். ஆயில் தொட்டிக்கு அடியில் வெப்பத் தகடு வைக்க வேண்டும், ஸ்டார்ட்டர் பேட்டரியைக் கழற்றிச் சூடான அறைக்குக் கொண்டுபோக வேண்டும். கைமுறையில் கிராங்கை ஒரு முழுச் சுற்றுச் சுழற்றிப் பார்த்து, எதுவும் ஒட்டவில்லை என்று தெரிந்த பிறகே ஸ்டார்ட். ஓடத் தொடங்கியதும் லோடு கொடுக்காமல் ஆயில் அழுத்தம் நிலைக்கும்வரை காத்திருந்து, பிறகு முதலில் கூலன்ட் பம்புகளையும் வெப்பச் சுற்றையும், அடுத்து தண்ணீர்க் குழாய்களின் ஹீட்டர் கம்பிகளையும், அதன்பிறகு தொலைத்தொடர்பையும், கடைசியில் ஆய்வகங்களையும் சேர்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆள் வேண்டும். ஹாலியில் 2017 முதல் குளிர்காலத்தில் ஆளே இல்லை, பனித்தட்டில் விழுந்த விரிசல்களால் குளிர்காலத்தில் தங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் 2019 முதல் கருவிகள் குளிர்காலம் முழுக்கத் தாமாகவே இயங்குகின்றன. ஒரு கன்டெய்னருக்குள் வைத்த மைக்ரோ டர்பைன், ஜெட் என்ஜினைச் சிறிதாக்கியது போன்ற எந்திரம், அவற்றுக்கு மின்சாரம் தருகிறது. எரிபொருளைக் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், டீசல் என்ஜினின் திறன் அதற்கு இல்லை. ஆனால் அதன் தண்டு காற்றுப்படலத்தின் மேல் சுழல்கிறது. மாற்ற ஆயில் இல்லை, கசிய கூலன்டும் இல்லை.